கல்யாண நாளுக்குக் கிராமத்து ஜீத்: பாத்திரம் யார் கழுவுவது?

கேள்வி: பாரிஸ் பக்கத்தில் சார்செல்லில் இருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் காரைக்கால், மனைவிக்குக் கும்பகோணம். வருகிற ஜூனில் கல்யாணமாகி 10 வருஷம். இத்தனை வருஷத்தில் லூர்துக்கு ஒரு தடவை, லண்டனில் சித்தப்பா வீட்டுக்கு ரெண்டு தடவை போயிருக்கிறோம். எல்லாம் பிள்ளைகளோடுதான். இப்போது மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு ஒரு சனி, ஞாயிறு நாங்கள் இருவர் மட்டும் எங்காவது போக ஆசை. மனைவி பாரிஸில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறாள். ஹோட்டலுக்குக் கூட்டிப் போனால் வேலைக்குப் போன மாதிரி இருக்கும். அதனால் கிராமத்தில் தனி வீடு, ஜீத் என்கிறார்களே, அது பார்க்கிறேன். பூர்கோஞ் பக்கம், ஸெமூர் என்ற ஊருக்கு அருகில் ஒரு கல் வீடு ரெண்டு ராத்திரிக்கு 210 யூரோ. அவள் சைவம். அடுப்பு இருப்பதால் அவளே சமைத்துவிடுவாள், செலவும் மிச்சம். நண்பன், ஜக்குஸி என்கிற குமிழி வெந்நீர்த் தொட்டி இருக்கும் இடம்தான் ரொமான்டிக் என்கிறான். வெள்ளி சாயங்காலம் காரில் கிளம்பி, சனிக்கிழமை தீஜோன், போன் என்ற ஊர்கள், ஞாயிறு திரும்பும் வழியில் ஃபோந்தேன்ப்ளோ அரண்மனை என்று போட்டிருக்கிறேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை, சர்ப்ரைஸ். இது சரி வருமா? அவளுக்குப் பிரெஞ்சு புரியும், பேசத்தான் கூச்சம்.

பதில்:

தம்பி, ஹோட்டல் வேண்டாம், அது அவளுக்கு வேலைக்குப் போன மாதிரி இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் ரெண்டு தடவை படித்தேன். 18 வருஷமாக ஆட்களுக்குத் தங்குமிடம் பார்த்துக் கொடுக்கிறேன். கல்யாண நாள் என்று வருகிறவர்கள் நீச்சல் குளம் உண்டா, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். மனைவியின் வேலையிலிருந்து யோசனையை ஆரம்பித்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். அதற்கு ஒரு சபாஷ்.

ஆனால் கொஞ்சம் கீழே வந்ததும் ‘அவளே சமைத்துவிடுவாள், செலவும் மிச்சம்’ என்று எழுதி நீங்களே காரியத்தைக் கெடுத்துவிட்டீர்கள்.

ஜீத் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். அது ஒரு வீடு. சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் போய்விடுவார். உள்ளே அடுப்பு, பாத்திரம், துடைப்பம் எல்லாம் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். இந்த ஏற்பாடு வந்ததே அப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராமத்து ஆட்கள் பட்டணத்துக்குப் போய்விட, வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டால் விவசாயிக்குக் கொஞ்சம் வருமானம், பட்டணத்துத் தொழிலாளிக்குக் கைக்கு அடக்கமான லீவு என்று யோசித்தார்கள். முதல் ஜீத் 1951-இல் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் திறந்தது. 1955-இல் ‘ஜீத் த ஃபிரான்ஸ்’ சங்கம் அமைந்தது. ஆகவே இது குடும்பத்தோடு வந்து, பொங்கித் தின்று, பெருக்கித் துடைத்துவிட்டுப் போகிற வீடு. ரொமான்ஸ் எல்லாம் பிற்பாடு விளம்பரக்காரர்கள் ஒட்டிய லேபிள். ஹோட்டலில் மற்றவர்கள் செய்கிற வேலை அத்தனையும் ஜீத்தில் உங்கள் தலையில்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நீங்கள் யோசிக்காமல் விட்டால், உங்கள் மனைவி தலையில்.

என் கதையைக் கேளுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் முதன்முதலில் ஜீத்துக்குப் போனபோது நான் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஊரையும் வீட்டையும் சொல்ல மாட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அழகான அறை, பெரிய மரக் கட்டில். மெத்தையின் மேல் நீர் புகாத உறை, கால்மாட்டில் மடித்து வைத்த கம்பளி ரெண்டு. விரிப்பு இல்லை, தலையணை உறை இல்லை. அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தேன். இவர் ஒப்பந்தத்தை எடுத்து அப்போதுதான் படித்தார்: விரிப்பு, துண்டு நீங்களே கொண்டுவர வேண்டும் என்று மூன்றாவது பக்கத்தில் இருந்தது. மாற்றுக்கு எடுத்துப் போயிருந்த காட்டன் சேலையை நாலாக மடித்து மெத்தையில் விரித்துப் படுத்தோம். இன்னொரு சேலை போர்வை. திரும்பும் நாள் காலையில் ரெண்டு மணி நேரம் குளியலறையைத் தேய்த்தேன், ஏனென்றால் கடைசி நாள் சுத்தம் செய்வதும் எங்கள் பொறுப்பு. அந்தப் பயணத்தில் எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் நான் முறைத்துக்கொண்டே இருப்பேன்.

உங்கள் மனைவி ஒரு நாளைக்கு எத்தனை கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கல்யாண நாள் முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் அவரே விரிப்பை உருவி மூட்டை கட்டி, சிங்க்கைத் துடைத்து, தரையைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார். நீங்கள் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். அது நடக்கக் கூடாது. எனவே 210 யூரோ என்று போட்டிருக்கும் அந்த வீட்டுக்காரருக்கு இன்றைக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். கட்டில்கள் போகும்போதே விரித்துத் தயாராக இருக்குமா? பிரெஞ்சில் ‘லீ ஃபே ஆ லாரிவே’ என்பார்கள். துண்டு கொடுப்பார்களா? கடைசி நாள் மெனாஜ், அதாவது சுத்தம் செய்யும் வேலை, வாடகையில் சேர்த்தியா, தனிக் கட்டணமா? தனி என்றால் சின்ன வீட்டுக்குச் சுமாராக 40, 50 யூரோ கேட்பார்கள். விரிப்புக்கு இன்னும் ஒரு பத்துப் பதினைந்து. கொடுத்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் நீங்கள் செலவழிக்கப்போகும் காசிலேயே உருப்படியான காசு இதுதான். பணம் கட்டினாலும் பாத்திரத்தைக் கழுவி, குப்பையைப் பிரித்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அது உங்கள் வேலை என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘அப்படியென்றால் ஷாம்ப்ர் தோத் போகலாமே’ என்று யாராவது சொல்வார்கள். அது வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே அறை கொடுப்பது. அதிகபட்சம் 5 அறை, 15 பேர் என்று சட்டம். காலை உணவும் படுக்கை விரிப்பும் சட்டப்படியே வாடகையில் சேர்த்தி. முன்கூட்டிச் சொன்னால் சில இடங்களில் ராத்திரிச் சாப்பாடும் உண்டு, தாப்ல் தோத் என்று பெயர். எல்லோரும் ஒரே மேஜை, ஒரே மெனு, வீட்டுக்காரரும் கூடவே உட்காருவார். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையலறையை உள்ளே போய்ப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. பலருக்குத் தயங்காமல் சிபாரிசு செய்திருக்கிறேன். உங்களுக்குச் செய்ய மாட்டேன். பிரெஞ்சு பேசக் கூச்சப்படுகிறவரை, கல்யாண நாள் ராத்திரி, முன்பின் தெரியாத எட்டுப் பேர் நடுவில் உட்கார வைத்து ‘சைவமா? மீன்கூடவா கிடையாது?’ என்று விசாரணை நடத்த விடுவானேன்? காலையிலும் அதே மேஜையில் அதே முகங்கள். அதோடு, இன்னொரு பெண் தனக்குக் கட்டில் விரிப்பதைப் பார்த்தால் அவருக்குச் சும்மா இருக்கவும் வராது. உங்களுக்கு ஜீத்தே சரி. அதன் வேலைகளை மட்டும் காசு கொடுத்துக் கழற்றிவிடுங்கள்.

ஜக்குஸி நண்பருக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் ‘ரொமான்டிக்’ என்று தட்டினால் இப்போதெல்லாம் ‘லவ் ரூம்’ என்று ஒரு வகை வந்து நிற்கும். வட்டக் கட்டில், சிவப்பு விளக்கு, கூரையில் கண்ணாடி. ஒரு ராத்திரிக்கு நீங்கள் பார்த்த வீட்டின் ரெண்டு ராத்திரி வாடகையைக் கேட்பார்கள். பிடித்தவர்கள் போகட்டும், நான் குறை சொல்லவில்லை. வாசலில் காரை நிறுத்தியதுமே உங்கள் மனைவி என்ன முகம் காட்டுவார் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஜீத்திலேயே சில வீடுகளில் தோட்டத்தில் மரத் தொட்டி வைத்து வெந்நீர் நிரப்பித் தருகிறார்கள். அது வேறு, அது நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்காக வீட்டை மாற்றாதீர்கள்.

கோதுமைக் கதிர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘ஜீத் த ஃபிரான்ஸ்’ வீடுகளுக்கு 1 முதல் 5 வரை கதிர் போட்டிருப்பார்கள், எப்பி என்று பெயர். அது வசதிக் கணக்கு. துணி துவைக்கும் மெஷின் இருக்கிறதா, எத்தனை குளியலறை என்கிற சமாச்சாரம். உங்களுக்கு வேண்டியது கெட்டியான சுவர், நல்ல மெத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்காத தோட்டம். இதையெல்லாம் கதிர் சொல்லாது. முன்பு தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். வீட்டுக்காரரின் வீடு எத்தனை மீட்டர் தள்ளி என்று கேளுங்கள். ஒரே முற்றத்தில் எதிரெதிர் வாசல் என்றால் யோசியுங்கள்.

இனி சமையல். நீங்கள் தப்புக் கணக்குப் போட்ட இடம்.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு உங்கள் மாமியார் இருக்கிறார். கும்பகோணத்துக்காரர், புளியோதரை கட்டிக் கொடுங்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் செய்வார். ஒரு டப்பா புளியோதரை, ஒரு டப்பா தயிர்சாதம், வறுத்த அப்பளம். கட்டுச்சோறுக்கு மிஞ்சிய பயணச் சாப்பாடு எந்த நாட்டில் இருக்கிறது? போய் இறங்கியதும் தோட்டத்து மேஜையில் வைத்துச் சாப்பிடலாம். ஜூன் மாதம் அங்கே ராத்திரி பத்து மணிக்கும் வானம் முழுதாக இருட்டியிருக்காது. காலைக்கு ரொட்டிக்கடை. சில வீட்டுக்காரர்கள் காலை உணவைக் கூடையில் வைத்து வாசலில் கொண்டுவந்து தருவார்கள், தலைக்கு இவ்வளவு என்று. அதையும் மெயிலில் கேட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை மதியம் வெளியே சாப்பிடுங்கள். கிராமத்து ரெஸ்டாரண்டில் மதியம் 12-லிருந்து சுமார் ஒன்றரை வரைதான். ரெண்டு மணிக்குப் போய் நின்றால் சமையல்காரர் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருப்பார். முதல் நாளே போன் செய்து இடம் பிடியுங்கள், சைவம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். பூர்கோஞ் என்றால் ஒயினில் வேக வைத்த மாட்டிறைச்சி, நத்தை, பன்றித் தொடை என்று போகிற ஊர். அங்கே ‘மாமிசம் வேண்டாம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. லார்தோன் என்று கொழுப்புள்ள பன்றி இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வறுத்து சாலட்டில் தூவுவார்கள். அதை மாமிசக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒயினில் முட்டை வேக வைக்கும் அந்த ஊர்ப் பதார்த்தத்திலும் அது உண்டு. ‘சான் வியாந்த், சான் புவாஸோன், சான் லார்தோன்’, அதாவது மாமிசம், மீன், லார்தோன் இல்லாமல் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். சூட்டோடு ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் அநேகமாக எல்லா இடத்திலும் கிடைக்கும், லார்தோன் இல்லாமல் கேட்டு வாங்கலாம். உங்கள் மனைவி முட்டை சாப்பிடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுவார் என்றால், கூஜேர் என்று சீஸ் போட்டு ஊத வைத்த உருண்டை ஒன்று உண்டு. நம் போண்டா அளவு, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் தின்ன வேண்டும். ரொட்டிக்கடையில் பார்த்தால் விடாதீர்கள்.

எப்வாஸ் என்ற கிராமம் நீங்கள் தங்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பெயரிலேயே ஒரு சீஸ். மேல் தோலை அந்த ஊர்ச் சாராயத்தால் கழுவிக் கழுவிப் பக்குவப்படுத்துவார்கள். சின்ன மரப் பெட்டியில், கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் பதத்தில் இருக்கும். வாசனையைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், கருவாட்டுக் கூடை பார்த்தவர் நீங்கள். சுத்த சைவக்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பாரம்பரிய சீஸ்களில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பது வழக்கம். பாரிஸில் அவர் சாதாரணமாகச் சாப்பிடும் சீஸ் பலவற்றிலும் அதுதான். தெரிந்து சாப்பிடுகிறாரா, தெரியாமலா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

சனிக்கிழமை ராத்திரி நீங்கள் சமையுங்கள். ஆமாம், நீங்கள்தான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். தக்காளி, வெள்ளரி, நல்ல ரொட்டி, வெண்ணெயில் வதக்கிய காளான், உருளைக்கிழங்கு. சாமான்களை, ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து, சனிக்கிழமை பகலிலேயே வாங்கிவிடுங்கள். கிராமப்புறத்தில் ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒரு கடை திறந்திருக்காது. தாளிப்பு வேண்டாம். அது வெட்கப்பட வேண்டிய வாசனை என்பதற்காகச் சொல்லவில்லை. பழைய கல் வீட்டில் கனமான துணித் திரைகள், மேலே மர உத்தரம், புகை போக்கி மின்விசிறி அநேகமாகப் பெயருக்குத்தான். கடுகும் பெருங்காயமும் திரைச்சீலையில் ஏறினால் அடுத்து வருகிறவர் போகும் வரைக்கும் இறங்காது, வீட்டுக்காரர் பிடித்து வைத்திருக்கும் தொகை திரும்பி வருவதில் பேச்சு வளரும். மஞ்சள்தூளும் அப்படியே. வெள்ளைத் துண்டில் மஞ்சள் கறை பட்டால் போகாது என்பதை உங்கள் மனைவியைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? லீவில் அவரை அந்தக் கவலையோடு உட்கார வைக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைத் தேடுங்கள். முன்பணம் ‘ஆர்’ என்று போட்டிருக்கிறதா, ‘அகோந்த்’ என்றா? கேட்க ரெண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆர் என்றால், நீங்கள் ரத்து செய்தால் அந்தப் பணம் போகும், அத்தோடு விவகாரம் முடிந்தது. வீட்டுக்காரர் ரத்து செய்தால் ரெட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். அகோந்த் என்றால் ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டாயிற்று. நீங்கள் பின்வாங்கினால் முழு வாடகையையும் கேட்க அவருக்கு வழி உண்டு. பிள்ளைகளுக்குத் திடீரென்று காய்ச்சல் வரலாம், மாமியாருக்கு முடியாமல் போகலாம். ஆகவே ஆர் என்று இருப்பதே உங்களுக்கு நல்லது. ‘வாங்கினால் 14 நாளில் திருப்பலாமே’ என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது. அப்புறம் கோஸியோன் என்ற பிடிப்புத் தொகை. செக்காக வாங்கி வைத்துக்கொண்டு, வீடு சரியாக இருந்தால் திருப்பித் தருவார்கள். ஊருக்குச் சேரும் தங்கும் வரி தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாக வரும், சில்லறைக் காசுதான். உங்கள் வேலையிடத்திலோ மனைவியின் ஹோட்டலிலோ ஷெக்-வகான்ஸ் என்கிற லீவுச் செலவுக் கூப்பன் கொடுத்தால் வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வாரா என்று கேளுங்கள். நிறைய ஜீத்கள் வாங்கும்.

உங்கள் ஊர்ப் பட்டியலைப் பார்த்தேன். தீஜோன், போன், ஃபோந்தேன்ப்ளோ. மூன்றும் நல்ல இடம்தான். போன் ஊரில் 1443-இல் நிறுவிய ஏழைகள் மருத்துவமனை, அந்தப் பல வண்ண ஓட்டுக்கூரை, பார்க்க வேண்டியதே. இன்னொரு தடவை பிள்ளைகளோடு போங்கள். ஸெமூரிலிருந்து தீஜோனோ போனோ போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், கார் நிறுத்த இடம் தேட அரை மணி. வாடகை கொடுத்து எடுத்த தோட்டத்தில் யார் உட்காருவது? அந்த வீட்டைச் சுற்றி இருபது, முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே போதுமானது இருக்கிறது.

ஃபோந்த்னே மடம். மோம்பார் ஊரிலிருந்து 6 கிலோமீட்டர், ஒரு பள்ளத்தாக்குக்குள் ஒளிந்திருக்கும். 1118-இல் பெர்னார் முனிவர் நிறுவியது, 1981-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கல்யாண நாளுக்குத் துறவி மடத்துக்கா என்று சிரிக்காதீர்கள். அந்தக் கோயிலுக்குள் சிற்பக் கூட்டமோ வண்ணக் கண்ணாடியோ கிடையாது. மனதைக் கலைக்கும் என்று அந்தத் துறவிகள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டார்கள். வெறும் கல்லும் வெளிச்சமும்தான். நான் போயிருந்தபோது ஒரு குழந்தை தும்மியது. அந்தச் சத்தம் கூரை வளைவில் ஏறி, கோடி வரை போய்த் திரும்பி வர, எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படி ஒரு அமைதியில் சார்செல்காரர் கடைசியாக எப்போது நின்றிருப்பார்? பக்கத்திலேயே துறவிகள் தண்ணீர் விசையில் சம்மட்டி ஓட்டிய இரும்புப் பட்டறை இருக்கிறது, நீங்கள் அதைத்தான் அதிகம் ரசிப்பீர்கள். காலையில் திறந்ததும் போய்விடுங்கள், பஸ்ஸில் வரும் கூட்டத்துக்கு முன்னால்.

ஸெமூர் ஊர் சாயங்காலத்துக்கு. அர்மான்சோன் என்ற சின்ன ஆறு ஊரைச் சுற்றி வளைந்து ஓடும். மேலே இளஞ்சிவப்புப் பாறையில் நாலு கோபுரங்கள். அதில் ஒன்று 44 மீட்டர் உயரம், மேலிருந்து கீழாக நீளமாய் விரிசல் விட்டிருக்கும். பல தலைமுறையாக அப்படியே நிற்கிறது. பாலத்தில் நின்று பாருங்கள், போட்டோவுக்கும் நல்ல இடம். ஃப்ளாவிஞி கிராமத்தில் பழைய மடத்துக்குள்ளேயே மிட்டாய் செய்கிறார்கள். ஒரு சோம்பு விதையின் மேல் சர்க்கரைப் பாகைப் பூசிப் பூசி, 15 நாளில் பட்டாணி அளவுக்கு உருட்டுவது. நம்மூர் ஹோட்டலில் பில்லோடு சின்னத் தட்டில் வைப்பார்களே சீனிச் சோம்பு, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. உங்கள் மனைவி முதல் மிட்டாயைக் கடித்ததும் சிரித்துவிடுவார் பாருங்கள். அப்புறம் பூர்கோஞ் கால்வாய். 242 கிலோமீட்டர் நீளம், 189 மதகுகள். கரையில் மேடு பள்ளம் இல்லாத சைக்கிள் பாதை. அவருக்குச் சைக்கிள் வராது என்றால் நடக்கலாம். படகு மதகுக்குள் வந்து நின்று, தண்ணீர் ஏற ஏறத் தானும் மேலே வருவதை உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. இத்தனையும் போக வேண்டாம். ரெண்டு போதும், மீதியைக் காரில் பேசி முடிவு செய்யுங்கள்.

வெள்ளி சாயங்காலம் கிளம்புவது பற்றி. சார்செல் வடக்கே, ஏ6 சாலை தெற்கே. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பாரிஸைச் சுற்றிப் போகும் பெரிஃபெரிக் சாலையில் இறங்கினால் பாரிஸைத் தாண்டுவதற்குள்ளேயே ரெண்டு பேருக்கும் சண்டை வந்துவிடும். மதியம் அரை நாள் லீவு போட முடிந்தால் போட்டு ரெண்டு மணிக்குள் தாண்டிவிடுங்கள். முடியாது என்றால் ரயிலை யோசியுங்கள். பாரிஸில் கார் த லியோன் ஸ்டேஷனிலிருந்து மோம்பாருக்கு டிஜிவி அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே காரை முன்பதிவு செய்து எடுக்க வேண்டும், இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒன்றும் கிடைக்காது. எப்படிப் போனாலும் வீட்டுக்காரரிடம் ஜிபிஎஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிராமத்து முகவரிகளில் சிலதில் தெருப் பெயரே இருக்காது, ஒரு வயலின் பெயர் இருக்கும். போன் சிக்னல் கல் சுவருக்குள் நுழையாது. அன்றைக்கு ராத்திரி மாமியாரிடம் பேச வேண்டுமென்றால் தோட்டத்துக்கு வர வேண்டியிருக்கலாம்.

முதல் ராத்திரி மர ஜன்னல் கதவுகளை மூடிவிட்டு விளக்கை அணைத்தால் உள்ளங்கையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தாலும் தெரியாது. சிலர் பயந்து எழுந்துவிடுகிறார்கள். கூடத்தில் ஒரு விளக்கை விட்டு வையுங்கள். மாதா கோயில் மணி பக்கத்தில் இருந்தால் ராத்திரியும் அடிக்கும். சில ஊர்களில் ஒரே மணியை ரெண்டு தடவை அடிப்பார்கள், முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக. தூக்கம் லேசான ஆள் என்றால் அதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கழிவறையில் காகிதத்தைத் தவிர எதையும் போடாதீர்கள். நிலத்தடித் தொட்டி, அடைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை ஆள் வர மாட்டார்.

சர்ப்ரைஸ் விஷயத்தில் பாதி மட்டும் சரி. எந்த ஊர், எந்த வீடு என்பதை மறைத்து வையுங்கள். ஆனால் தேதியையும் பிள்ளைகள் ஏற்பாட்டையும் ரெண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் ஷிஃப்ட் மாற்ற வேண்டும், கடைசி நிமிஷத்தில் கேட்டால் மேலாளரிடம் கெஞ்ச வேண்டி வரும். தவிர, பிள்ளைகளுக்கு என்ன சட்டை, எந்த மருந்து எங்கே என்று அம்மாவிடம் தன் வாயால் சொல்லாமல் கிளம்பினால், உடம்பு பூர்கோஞ்சில் இருக்கும், மனசு சார்செல்லில் இருக்கும். தட்டையான நடைச் செருப்பு ஒன்றும், ஸ்வெட்டர் ஒன்றும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே ஜூனிலும் ராத்திரி குளிரும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று கேட்டீர்களா? சில இடங்களில் காலை 10 மணிக்கே கிளம்பச் சொல்வார்கள். அப்படியென்றால் ரெண்டு நாள் என்பது ஒன்றரை நாளாகிவிடும். சாயங்காலம் ஐந்து மணி வரை இருக்கலாமா என்று கேளுங்கள். அன்றைக்கு அடுத்து ஆள் வராவிட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஃபோந்தேன்ப்ளோவை அடித்துவிட்டால் அந்த நேரம் தோட்டத்துக்குக் கிடைக்கும். சாயங்காலம் பாரிஸ் திரும்பும் சாலை நெரியத்தான் செய்யும். கட்டுச்சோற்றில் ஏதாவது மிச்சம் இருந்தால் சாலையோர ஓய்விடத்தில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, நெரிசல் குறைந்ததும் மெல்ல வாருங்கள்.

மாமியாருக்கு ஃப்ளாவிஞி மிட்டாய் ரெண்டு டப்பா வாங்கிப் போங்கள், ரோஜா வாசனையிலும் உண்டு. எப்வாஸ் சீஸை மட்டும் ஜூன் வெயிலில் காரில் ஏற்றாதீர்கள்.